நோயில் உருகும் சதையும் ‘சத்து ஊசி’யும்: செட்டிநாட்டுக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து வரும் நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. பெரிய காய்ச்சல், ஆபரேஷன், ஐ.சி.யூ. என்று போய் வந்தவர்களின் வீட்டார் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “உடம்பு தேற ஏதாவது ஊசி இருக்கா?” ஊசிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் யாருக்கு உதவும், யாருக்குக் கெடுதல் என்பதும் ஓரளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அதை நம் வீடுகளுக்குப் புரியும்படி ஓரிடத்தில் எழுதி வைக்கவே இந்தப் பக்கம். மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்பச்சி பத்து நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். மூக்குக் குழாய் வழியாக தினமும் உணவு போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் தொடையும் தோளும் இப்படி வற்றிப்போனது ஏன்?

கடும் நோய் வந்தால் உடம்பு தன் சதையையே எடுத்துச் செலவு செய்யத் தொடங்குகிறது. கார்டிசால், அட்ரினலின், குளுக்ககான் ஆகிய ஹார்மோன்கள் ஏறுகின்றன. அழற்சியைக் கிளப்பும் பொருள்கள் ரத்தத்தில் பெருகுகின்றன. இவை தசையிலுள்ள புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களாக்கி ஈரலுக்கு அனுப்புகின்றன. ஈரல் அதிலிருந்து சர்க்கரையும், கிருமியோடு போராடத் தேவையான புரதங்களும் செய்கிறது. அவசரச் செலவுக்கு வீட்டுத் தேக்குத் தூணைக் கழற்றி விற்பதை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். உடம்பு செய்வதும் அதுதான்: அன்றைய நெருக்கடி தீரும், ஆனால் தாங்கி நின்றது போய்விடும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. 1930களில் கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் என்ற மருத்துவர், கால் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜன் (புரதம் உடைந்தால் வெளியேறுவது) மிக அதிகமாக வெளியேறுவதை அளந்து காட்டினார். அடிபட்ட இடத்தில் மட்டும் அவ்வளவு இழப்பு ஏற்பட வழியில்லை, உடம்பு முழுவதிலும் உள்ள தசை கரைகிறது என்று புரிந்தது. 2013-இல் வெளியான லண்டன் ஆய்வொன்று, ஐ.சி.யூ. நோயாளிகளின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்தது. முதல் வாரத்திலேயே சுமார் 10 சதவீதம் குறைந்திருந்தது. பல உறுப்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதைவிட அதிகம்.

இதோடு சேர்ந்து படுக்கை வேறு. நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிப் பார்த்த 2007-ஆம் ஆண்டு ஆய்வில், கால்களில் மட்டும் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் தசை போயிருந்தது. அப்பச்சிக்கு நோய், படுக்கை இரண்டும் சேர்ந்துவிட்டன. குழாயில் போன உணவு வீண் என்று நினைக்காதீர்கள். அது போகாமல் இருந்திருந்தால் இழப்பு இன்னும் மோசமாக இருந்திருக்கும். ஆனால் நோயின் உச்சத்தில் உணவால் மட்டும் இந்தக் கரைதலை முழுதாக நிறுத்த முடியாது. அதனால்தான் மருத்துவ உலகம் ஹார்மோன்களின் பக்கம் திரும்பியது.

சதையைக் கட்டும் ஹார்மோன்கள் என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

அனபாலிக் ஹார்மோன் என்றால் உடலில் புரதத்தைச் சேர்த்துக் கட்ட உதவும் ஹார்மோன். கணையத்தில் சுரக்கும் இன்சுலின், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் குரோத் ஹார்மோன், அதன் தூண்டுதலால் ஈரல் செய்யும் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி, ஆண்களில் அதிகமும் பெண்களில் கொஞ்சமும் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன், இவைதான் முக்கியமானவை. டெஸ்டோஸ்டிரோனை மாற்றியமைத்துச் செய்த மருந்துகள்தான் நான்ட்ரோலோன், ஆக்ஸாண்ட்ரோலோன் போன்றவை. ஆண் ஹார்மோன் கொடுத்தால் நாயின் உடலில் நைட்ரஜன் தங்குகிறது என்பது 1935-லேயே தெரிந்துவிட்டது.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி குரோத் ஹார்மோனைப் பற்றிப் படித்துவிட்டு, “பணம் பிரச்சினை இல்லை, ஐ.சி.யூ.விலேயே போடச் சொல்லுங்க” என்கிறான். கேட்கலாமா?

வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பி நினைத்ததைத்தான் ஒரு காலத்தில் பெரிய பெரிய மருத்துவர்களும் நினைத்தார்கள்.

1985-க்கு முன்பு குரோத் ஹார்மோனை இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்தார்கள். அதன் வழியாகச் சிலருக்கு மூளையை அழிக்கும் கொடிய நோய் பரவியது தெரிந்து அது கைவிடப்பட்டது. அதே ஆண்டில் மரபணுத் தொழில்நுட்பத்தில் செய்த ஹார்மோன் வந்தது. தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும், ஆபரேஷன் ஆனவர்களுக்கும் தீக்காயம் பட்டவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். நைட்ரஜன் இழப்பு குறைந்தது. அப்படியானால் ஐ.சி.யூ. நோயாளி சீக்கிரம் மூச்சுக் கருவியிலிருந்து விடுபடுவார், சீக்கிரம் எழுந்து நடப்பார் என்று எதிர்பார்த்தார்கள்.

1999-இல் அதன் முடிவு வெளியானது. பின்லாந்தில் 247 பேர், வேறு சில ஐரோப்பிய நாடுகளில் 285 பேர் என்று இரண்டு ஆய்வுகள். இதய ஆபரேஷன், வயிற்று ஆபரேஷன், விபத்து, மூச்சுத் திணறல் என்று ஐ.சி.யூ.வில் சில நாள்களைக் கடந்துவிட்ட நோயாளிகள். பாதிப் பேருக்குக் குரோத் ஹார்மோன், பாதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. பின்லாந்தில் ஹார்மோன் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள், மற்ற குழுவில் 20 சதவீதம். இன்னொரு ஆய்வில் 44 சதவீதமும் 18 சதவீதமும். பிழைத்தவர்களுக்கும் மூச்சுக் கருவியில் இருந்த காலமும் மருத்துவமனையில் இருந்த காலமும் கூடியதே தவிரக் குறையவில்லை.

இறப்புகளில் பெரும்பகுதி கட்டுக்கடங்காத தொற்றாலும் பல உறுப்புகள் செயலிழந்ததாலும் வந்தது. காரணத்தைப் பற்றிப் பல கருத்துகள் உண்டு. கொடுத்த அளவு, குறைபாடு உள்ள பெரியவர்களுக்குக் கொடுக்கும் அளவைப் போல 10 முதல் 20 மடங்கு. தசைக்குள் அமினோ அமிலங்களைப் பூட்டி வைத்ததால் நோய் எதிர்ப்புக்கு வேண்டியது கிடைக்காமல் போயிருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். கடும் நோயில் உடம்பே குரோத் ஹார்மோனுக்குக் கட்டுப்படுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ரத்தத்தில் அந்த ஹார்மோன் இருந்தாலும் ஈரல் ஐ.ஜி.எஃப்-1 செய்வதைக் குறைத்துக்கொள்கிறது.

எனக்கு இந்த ஆய்வு மிக முக்கியமானது. நைட்ரஜன் கணக்கு நன்றாக வந்தது, நோயாளி இறந்துபோனார். பரிசோதனைத் தாளில் ஒரு எண் தேறுவதும் மனிதர் தேறுவதும் வேறு வேறு. தம்பியிடம் இந்த எண்களை அப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

அப்படியென்றால் குரோத் ஹார்மோன் யாருக்குமே ஆகாதா?

குறைபாடு உள்ள குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அது சரியான மருந்து. எய்ட்ஸ் நோயில் உடல் உருகுவதற்காக 1996-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பின்னர் எச்.ஐ.வி. கிருமியை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரைகள் நோயையே கட்டுக்குள் கொண்டுவந்ததால் அந்தத் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. குடலின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு 2003-இல் அனுமதித்தார்கள். அவர்களுக்கு இப்போது அதைவிடக் குறிபார்த்து வேலை செய்யும் டெடுக்ளுடைட் என்ற மருந்து இருக்கிறது. குடலின் உட்சுவரை வளரச் செய்யும் இயற்கை ஹார்மோனைப் போல அமைத்தது, 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புற்றுநோய் இருப்பவர்களுக்குக் குரோத் ஹார்மோன் கூடாது.

எங்க ஆயாவுக்கு மாதம் ஒரு ‘சத்து ஊசி’ போட்டு வருகிறோம். அதில் என்ன இருக்கிறது?

முதலில் அட்டையைப் பாருங்கள். ‘சத்து ஊசி’ என்று எந்த மருந்தும் கிடையாது. சிவப்பு நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் பி-12 உள்ள வைட்டமின் ஊசி. எண்ணெய் போல இருந்து, பெயரில் நான்ட்ரோலோன் டெக்கனோயேட் என்று இருந்தால் அது ஆண் ஹார்மோனிலிருந்து செய்த அனபாலிக் ஸ்டீராய்டு. இரண்டையும் ஒரே பெயரில் கேட்டு வாங்கும் பழக்கம் இருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. இரண்டாவது வகையை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கவே கூடாது.

நான்ட்ரோலோன் உண்மையிலேயே தசையைக் கூட்டும், பசியும் எடுக்கும். ஆயா “தெம்பா இருக்கு” என்று சொல்வதில் பொய் இல்லை. ஆனால் எடை கூடியதில் ஒரு பகுதி உப்பும் நீரும் தங்கியதால் வந்திருக்கும். இதயம் பலவீனமானவர்களுக்கு அதுவே கால் வீக்கமாகவும் மூச்சுத் திணறலாகவும் முடியலாம். பெண்களுக்குக் குரல் கனக்கும், முகத்தில் முடி வளரும். குரல் மாற்றம் ஊசியை நிறுத்தினாலும் திரும்பாமல் போகலாம். சளி பிடித்த மாதிரிக் குரல் கட்டியிருக்கிறது என்று நினைத்துக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், காரணம் ஊசியாக இருக்கும். ஐயாமார்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் இருந்தால் இந்த ஊசி கூடவே கூடாது, இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்குவதும் தவறு. ஈரல் பரிசோதனையும் கொழுப்பு அளவும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அதன் வேகத்தை இது கூட்டும். சுகர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கிப்போகலாம். சில தயாரிப்புகளில் நிலக்கடலை எண்ணெய் கலந்திருக்கும், நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் பார்த்து, ஒரு மருத்துவர் காரணம் சொல்லி, எத்தனை ஊசி என்று எண்ணிக்கை வைத்துப் போட்டால் சரி. காரணமே தெரியாமல் வருடக்கணக்கில் போகக் கூடாது. எடை குறைவதற்கு அடியில் காசநோயோ, கட்டுப்படாத சுகரோ, தைராய்டோ, புற்றுநோயோ இருந்து, ஊசி தரும் தெம்பில் அது தெரியாமலே போவதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து.

அண்ணனுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். அவருக்கு இந்த ஊசி உதவும் என்கிறார்களே?

அதற்கு ஆதாரம் இருக்கிறது. 1999-இல் 29 டயாலிசிஸ் நோயாளிகளிடம் ஆறு மாதம் நடந்த சிறு ஆய்வில், நான்ட்ரோலோன் பெற்றவர்களுக்குக் கொழுப்பில்லாத உடல் எடை சராசரியாக 4.5 கிலோ கூடியது, மற்றவர்களுக்கு 1.9 கிலோ. நடக்கும் வேகமும் படியேறும் வேகமும் மேம்பட்டன. ஆய்வு சிறியது, பக்க விளைவுகள் மேலே சொன்னவையே. அதனால் சிறுநீரக மருத்துவரின் கண்காணிப்பில் சிலருக்கு மட்டும் பொருந்தும். டயாலிசிஸ் தொடங்கியபின்னும் “கிட்னி நோயாளிக்குப் புரோட்டீன் கூடாது” என்று அண்ணனுக்கு முட்டையை நிறுத்தி வைத்திருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். டயாலிசிஸுக்கு முன்புதான் அந்தக் கட்டுப்பாடு. தொடங்கிய பிறகு புரதத் தேவை கூடுகிறது, டயாலிசிஸிலேயே அமினோ அமிலங்கள் வெளியேறுகின்றன.

பெரிய தீக்காயத்துக்கு ஹார்மோன் கொடுப்பது உண்டா?

உண்டு. அனபாலிக் சிகிச்சைக்கு நல்ல அடிப்படை உள்ள இடம் என்றால் இதைத்தான் சொல்வேன். உடலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெந்துபோனால் உடலின் செலவு தாறுமாறாக ஏறி, காயம் ஆறிய பிறகும் ஓர் ஆண்டு, அதற்கு மேலும் கூட அடங்காமல் இருக்கும். ஆக்ஸாண்ட்ரோலோன் மாத்திரை கொடுத்தவர்கள் மருத்துவமனையில் இருக்கும் நாள்கள் குறைந்ததாக 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதயத் துடிப்பைக் குறைக்கும் சாதாரண மருந்தான ப்ரோப்ரனோலால், தீக்காயம் பட்ட குழந்தைகளின் தசை இழப்பைக் குறைத்தது என்று 2001-இல் தெரிந்தது. அது ஹார்மோன் அல்ல, அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் மருந்து. கரைப்பதைத் தடுப்பதும் கட்டுவதற்குச் சமம்தான். ஆனால் ஆக்ஸாண்ட்ரோலோனுக்கு அமெரிக்காவில் இருந்த அனுமதி 2023-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது, ஈரல் பாதிப்பு அதன் பழைய பிரச்சினை. எனவே இதெல்லாம் தீக்காயப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளில் முடிவு செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியது, பெரிய தீக்காயம் என்றால் தாமதிக்காமல் அங்கே கொண்டுபோவது.

டாக்டர் இன்சுலின் போடச் சொல்கிறார். ஆத்தா “ஊசி போட்டா அவ்வளவுதான், கடைசிக் கட்டம்” என்று அழுகிறார். என்ன சொல்லிப் புரிய வைப்பது?

ஆத்தாவிடம் சொல்லுங்கள்: எல்லாரும் தேடி அலைகிற, உடம்பைத் தேற்றும் ஊசி இதுதான்.

இன்சுலின் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து என்று மட்டுமே நம் வீடுகளில் தெரியும். தசைக்குள் அமினோ அமிலங்கள் சேர்வதற்கும், இருக்கும் தசை கரையாமல் இருப்பதற்கும் அது வேண்டும். இன்சுலின் போதாமல் சுகர் 300, 350 என்று ஓடும்போது, சாப்பிட்டது சிறுநீரில் போய்க்கொண்டிருக்கும், உடம்பு தசையைக் கரைத்துக்கொண்டிருக்கும். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு தெரிவது அதனால்தான். 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் பெற்ற 14 வயதுப் பையன் எலும்பும் தோலுமாக இருந்தவன். அதன் பின் அவன் தேறி, மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்தான். கால் புண், ஆபரேஷன், நிமோனியா, காசநோய் எது வந்தாலும், சுகர் உள்ளவருக்குச் சரியான அளவு இன்சுலினும் போதிய உணவும் சேர்ந்தால்தான் சதை பிடிக்கும், புண் ஆறும். நோய் தீர்ந்த பின் சிலருக்கு மறுபடியும் மாத்திரைக்கே மாறலாம். கடைசிக் கட்டம் என்பதெல்லாம் பயத்தில் வந்த பேச்சு.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நல்லது என்பதற்காக இறுக்கிப் பிடிக்கக் கூடாது. 2001-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில், ஆபரேஷன் ஐ.சி.யூ.வில் 1,548 பேரிடம் சர்க்கரையை 80-110க்குள் இறுக்கி வைத்தபோது ஐ.சி.யூ. இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆகக் குறைந்தது. உலகமே அதைப் பின்பற்றத் தொடங்கியது. 2009-இல் பல நாடுகளில் 6,104 பேரிடம் செய்து பார்த்தபோது, இறுக்கிய குழுவில்தான் இறப்பு அதிகம், 27.5 சதவீதம், மற்றதில் 24.9. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியதும் இறுக்கிய குழுவில்தான் அதிகம். இப்போது ஐ.சி.யூ.வில் பெரும்பாலும் 140-180 என்று வைத்துக்கொள்கிறார்கள். “சுகர் 170 இருக்கே, ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள்?” என்று நர்ஸிடம் சண்டை போட வேண்டாம்.

ஆஸ்துமாவுக்கு டாக்டர் ஸ்டீராய்டு கொடுத்தார். அதுவும் சதை போடுமா?

அது வேறு, இது வேறு. பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் ஆகியவை கார்டிசால் வகை. அழற்சியைத் தணித்து உயிரைக் காப்பாற்றும், ஆனால் நீண்ட நாள் எடுத்தால் தசையைக் கரைக்கும். முகம் உப்பி, வயிறு பெருத்து, கை கால் மெலிந்து போவது அதனால். “பசி எடுக்கும், வெயிட் போடும்” என்று சீட்டில்லாமல் யாராவது கொடுக்கும் சின்ன மாத்திரையில் டெக்ஸாமெத்தசோன் இருக்கலாம். கூடுவது நீரும் கொழுப்பும். டாக்டர் கொடுத்ததைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

புற்றுநோய்க்குக் கீமோ நடக்கிறது. எவ்வளவு கொடுத்தாலும் எடை இறங்குகிறது. ஹார்மோன் உதவுமா?

புற்றுநோய் தரும் மெலிவில், கட்டியும் அதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பும் பசியையும் கெடுக்கும், தசையையும் கரைக்கும். சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்டுவது கடினம், இதில் கவனித்துக்கொள்பவர் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மெஜஸ்ட்ரால் மருந்து பசியைக் கூட்டும், கூடும் எடை பெரும்பாலும் கொழுப்புதான், ரத்தக் கட்டி வரும் ஆபத்தும் உண்டு. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற வயிற்று ஹார்மோனை 1999-இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். அதைப் போலச் செயல்படும் அனமோரெலின் மாத்திரைக்கு 2021-இல் அங்கேயே அனுமதி கிடைத்தது. புற்றுநோயில் பசியைக் கெடுக்கும் ஜி.டி.எஃப்-15 என்ற பொருளைத் தடுக்கும் ஊசி ஒன்று 2024-இல் வெளியான ஆரம்ப ஆய்வில் எடையைக் கூட்டிக் காட்டியிருக்கிறது, நம்பிக்கை தருகிறது. ஐ.ஜி.எஃப்-1 போன்ற வளர்ச்சிக் காரணிகள் கட்டியையும் வளர்க்கக்கூடும், அதனால் இங்கே நாமாக எந்த அனபாலிக் ஊசியும் போடக் கூடாது.

காசநோய் வந்து உடம்பு பாதியாகிவிட்டது. டி.பி. மாத்திரையோடு ஊசியும் கேட்கலாமா?

ஊசி வேண்டாம், சாப்பாடு வேண்டும். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ என்ற ஆய்வில், சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. நோயாளிகளுக்கு உணவுப் பொருள் கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. நோயாளியின் வீட்டாருக்கும் உணவு கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் செய்த வேலை இது. அரசின் நிக்ஷய் போஷன் திட்டத்தில் சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, 2024 நவம்பர் வரை 500 ஆக இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, அந்தப் பணத்தை முட்டைக்கும் பருப்புக்கும் ஒதுக்குங்கள்.

பலவீனமாக இருந்தால் குளுக்கோஸ் ஏற்றினால் போதாதா? ஆல்புமின் பாட்டில் வாங்கச் சொன்னார்கள், அது புரோட்டீன்தானே?

அரை லிட்டர் ஐந்து சதவீத குளுக்கோஸில் 25 கிராம் சர்க்கரை, அதாவது நூறு கலோரிக்கும் குறைவு. இரண்டு இட்லியில் அதற்கு மேல் இருக்கிறது, புரதமும் இருக்கிறது. நீர்ச்சத்து குறைந்தவருக்கு டிரிப்ஸ் தேவைதான், ஆனால் அது சாப்பாட்டுக்கு ஈடல்ல.

ஆல்புமின் பாட்டில் சில ஈரல் நோய்களில் உயிர் காக்கும் மருந்து. அதை ஊட்டச்சத்துக்காக ஏற்றுவதில் பயனில்லை. ரத்தத்தில் ஆல்புமின் குறைந்திருப்பது பல சமயம் நோயின் தீவிரத்தைத்தான் காட்டுகிறது. “எதற்காக ஏற்றுகிறீர்கள்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நகையை அடகு வைத்து வாங்கும் முன் கேட்பதில் தவறே இல்லை.

சரி, எவ்வளவு புரோட்டீன் வேண்டும்? நம் சமையலில் அதைக் கொண்டுவர முடியுமா?

நோயிலிருந்து தேறுபவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம். 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். கிட்னி, ஈரல் பிரச்சினை இருந்தால் கணக்கு மாறும்.

தாராளமாகக் கொண்டுவரலாம். காலையில் இட்லியோடு இரண்டு முட்டை, 12 கிராம். நாள் முழுவதற்கும் அரை லிட்டர் பால், 16 கிராம் வரை. மதியம் நூறு கிராம் வெந்த கோழி அல்லது மீன், 20 முதல் 25. ஒரு கரண்டி கெட்டிப் பருப்பு, 7. நாலரை மணிக்குக் கடலைச் சுண்டல், 8. ஒரு கிண்ணம் தயிர், 4. மூன்று வேளைச் சோறும் இட்லியும் சேர்ந்து 12 போல. எண்பதை ஒட்டி வந்துவிடுகிறது. சைவம் என்றால் கோழியின் இடத்தில் பன்னீர், சோயா, உளுந்தங்களி, இன்னொரு தடவை சுண்டல். முதியவர்களுக்குப் புரதத்தை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுத்தால் தசை அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

நாட்டுக்கோழி ரசம், ஆட்டுக்கால் சூப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் எல்லாம் பசியைக் கிளப்பும், தொண்டைக்கு இதம், கொடுங்கள். ஆனால் புரதம் கறியில்தான் இருக்கிறது, தெளிந்த சாற்றில் மிகக் கொஞ்சம். சாற்றை நோயாளிக்கும் கறியை மற்றவர்களுக்கும் பரிமாறுவது நம் வீடுகளில் அன்போடு நடக்கும் பிழை. கறியை நன்றாக வேகவைத்து, பிய்த்து அல்லது மசித்து ரசத்திலேயே போட்டுக் கொடுங்கள். அதேபோல், காய்ச்சல் விட்ட பிறகும் வாரக்கணக்கில் கஞ்சித் தண்ணீரும் அப்பளமுமாகப் பத்தியம் வைக்காதீர்கள். உளுந்தங்கஞ்சி, பாசிப்பருப்புக் கஞ்சி வைத்தால் அதுவும் கஞ்சிதான். கவுனி அரிசி நல்லதுதான், ஆனால் சர்க்கரையும் தேங்காயும் சேர்த்த இனிப்பாகக் கொடுத்தால் சுகர்காரருக்கு ஆகாது.

புரோட்டீன் பவுடர், குளூட்டமின் எல்லாம்?

சாப்பாடு இறங்காதவருக்கு ஊட்டச்சத்து பவுடர் நல்ல துணை. சுவிட்சர்லாந்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டு உணவு கொடுத்த குழுவில் 30 நாள் இறப்பு சுமார் 10 சதவீதத்திலிருந்து 7 ஆகக் குறைந்தது. எந்த ஹார்மோன் ஊசியும் இந்தச் சாதாரண நோயாளிகளிடம் இதைச் செய்து காட்டியதில்லை. ஆனால் அளவு மீறினால் பலன் கூடுவதில்லை. ஐ.சி.யூ.வில் கிலோவுக்கு 2.2 கிராமுக்கு மேல் புரதம் கொடுத்துப் பார்த்த 2023 ஆய்வில் நன்மை இல்லை, கிட்னி பாதித்தவர்களுக்குத் தீங்கு தெரிந்தது. பல உறுப்புகள் செயலிழந்தவர்களுக்குக் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தை அதிக அளவில் கொடுத்தபோது இறப்பு கூடியது என்று 2013-இல் தெரிந்தது.

பல நாள் சரியாகச் சாப்பிடாதவருக்கு ஒரேயடியாக நிறையக் கொடுக்கலாமா?

கூடாது, உயிருக்கே ஆபத்து. பட்டினியில் இருந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து சேர்ந்தால் இன்சுலின் எகிறும். அது பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசை தளரும். கட்டும் ஹார்மோன் நேரம் தவறிப் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே சாட்சி. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவர், மது அருந்துபவர், மிக மெலிந்தவர் என்றால் மருத்துவமனையில் வைத்து, முதலில் தயமின் (பி-1 வைட்டமின்) கொடுத்து, கிலோவுக்கு 10 கலோரி போலத் தொடங்கி, ரத்தம் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள்.

உடற்பயிற்சி எல்லாம் இந்த நிலையில் எப்படி?

வேலை கொடுக்காத தசைக்குச் சாப்பாடும் ஊசியும் முழுப் பலன் தருவதில்லை. கட்டில் ஓரத்தில் உட்காருவது முதல் படி. பிறகு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, முதலில் ஐந்து தடவை, முடிந்தால் பத்து, காலையும் மாலையும். பிறகு வளவைச் சுற்றி நடப்பது. நம் வீடுகளின் உயரப் படிகளிலும் வாசற்படிக் கட்டைகளிலும் தடுக்கி விழாமல் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

நாங்கள் எல்லாரும் வெளிநாட்டில். ஊரில் ஆத்தா மட்டும், சமைக்க ஓர் அக்கா வருகிறார். தொலைவிலிருந்து எதைப் பார்த்துக்கொள்வது?

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால் ஆத்தா “ஆச்சு” என்றுதான் சொல்வார். என்ன சாப்பிட்டார் என்று சமைக்கும் அக்காவிடம் கேளுங்கள், முட்டையும் பாலும் பருப்பும் அன்று உள்ளே போனதா என்று. மாதம் ஒரு முறை ஒரே தராசில் எடை பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் காரணமில்லாமல் குறைந்தால், 60 கிலோவில் 3 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவரைப் பார்க்க வேண்டும். கால் வீங்கியிருந்தால் எடை ஏமாற்றும். அப்போது தையல் நாடாவால் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளக்கலாம், வீக்கம் அங்கே ஏறியிருக்கக் கூடாது. ஆசிய நாடுகளுக்கான அளவுகோலில் பெண்களுக்கு 33 செ.மீ.க்கும் ஆண்களுக்கு 34 செ.மீ.க்கும் கீழே என்றால் தசை குறைந்திருக்கலாம். யார் எந்த ஊசி போட்டாலும் அதன் அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நான்ட்ரோலோன் என்று இருந்தால், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த நோய்க்காக, எத்தனை ஊசி, அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது.